குடும்பப் பெயர் தாங்கிய ஒயின் போத்தல்கள்: சிங்கப்பூர் இறக்குமதி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கம்.

குடும்பமாக ஒயின் இறக்குமதி செய்து சிங்கப்பூரில் விற்கும் உங்களுக்கும், வெளிநாட்டில் ஒயின் ஆலையிலோ திராட்சைத் தோட்டத்திலோ பங்கு வாங்கியிருக்கும் உங்களில் சிலருக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் இதே தொழிலில் கிடங்கு, சுங்கப் பத்திரம், கணக்கு, உணவகப் பரிமாறல் என்று ஆளுக்கொரு வேலையில் இருக்கும் தமிழர்கள். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வரவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவே வந்திருக்கிறோம்.

"நான்கு தலைமுறையாக ஒரே குடும்பம்" என்ற வரி உங்கள் விற்பனைத் தாள்களில் அடிக்கடி வருகிறது. அதைப் படித்ததும் வாங்குபவர் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனத்தைக் கேள்வி கேட்கப் பங்குதாரர் இருக்கிறார், தணிக்கையாளர் இருக்கிறார். குடும்ப ஆலையில் திராட்சை வாங்குபவர் அப்பா, ஒயின் ஆக்குபவர் மகன், கணக்கு எழுதுபவர் மருமகள். மூவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் தவறினால் "இது வேண்டாம்" என்று சொல்ல வெளியாள் ஒருவரும் அங்கே இல்லை. வெளியிலிருந்து கேட்கக்கூடிய ஒரே ஆள், பணம் கொடுத்து வாங்கும் நீங்கள்தான். அந்த இடத்தில் நின்று நீங்கள் தாளைக் கேட்க வேண்டும். குடும்பப் பெயரைச் சொல்லி விற்பவர் அந்தத் தாளை முகம் சுளிக்காமல் தர வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

முதலில் ஒரு வாய்ப்பாட்டுக் கணக்கு. பிரான்சில் பெயர் பெற்ற தோட்டப் பகுதிகளில் ஹெக்டேருக்கு இத்தனை லிட்டர்தான் என்று உச்சவரம்பு உண்டு. அது ஊருக்கு ஊர் மாறும்; ஹெக்டேருக்கு 4,500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 750 மில்லி போத்தலில் அது 6,000 போத்தல். 4 ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பம் தன் சொந்தப் பழத்தில் ஆண்டுக்கு 24,000 போத்தலுக்கு மேல் ஆக்க முடியாது. அதே குடும்பம் சிங்கப்பூர், ஹாங்காங், தோக்கியோ மூன்றுக்கும் சேர்த்து 60,000 போத்தல் அனுப்பினால் மீதி 36,000 எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தோட்டத்தில் பழம் வாங்கியிருக்கலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. வாங்கியதை மறைத்து "எங்கள் தோட்டத்துப் பழம்" என்று அச்சடிப்பதுதான் குற்றம். பிரான்ஸ் விவசாயி ஒவ்வோர் ஆண்டும் அறுவடை அறிவிப்பு ஒன்றை அரசிடம் கொடுக்கிறார்: எந்தப் பகுதி, எத்தனை ஹெக்டேர், எத்தனை லிட்டர் என்று அதில் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். பெருக்கிப் பார்க்க 5 நிமிடம் போதும்.

இந்தப் பெருக்கலைச் செய்யாததால் மிகப் பெரிய குடும்பமே ஏமாந்திருக்கிறது. தென் பிரான்சின் லாங்கதோக்கில் சில வியாபாரிகள் மெர்லோ, சிரா என்ற மலிவான திராட்சை வகைகளின் ஒயினை, விலை கூடிய பினோ நுவார் வகை என்று சொல்லி, அமெரிக்காவின் காலோ நிறுவனத்துக்கு விற்றார்கள். காலோ இன்றும் குடும்ப நிறுவனம்தான். போனது ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போத்தலுக்கான ஒயின். அந்த வட்டாரம் முழுவதும் விளைவித்த பினோ நுவாரைவிட விற்ற பினோ நுவார் அதிகம் என்று கணக்கு பார்த்த அதிகாரிகளுக்குத் தெரிந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 2010 பிப்ரவரியில் கார்காசோன் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. வருடக்கணக்கில் குடித்துப் பார்த்தவர் யாரும் கண்டுபிடிக்கவில்லை, கூட்டிப் பார்த்தவர் கண்டுபிடித்தார்.

அடுத்தது லேபிள். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் குளோ து வூஜோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். உரிமையாளர்கள் சுமார் 80 பேர். நெப்போலியன் காலச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சொத்து சமமாகப் பிரிந்து பிரிந்து வந்ததும் இதற்கு ஒரு பெரிய காரணம். ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயரில் நாலைந்து லேபிள் இருப்பது அங்கே சாதாரணம். அண்ணன் சொந்த நிலத்துப் பழத்தில் ஆக்குவார், தம்பி பழம் வாங்கி ஆக்குவார். 'தொமேன்', 'ஷாத்தோ' என்ற சொற்களை அந்தந்தத் தோட்டத்திலேயே விளைந்த பழத்துக்கு மட்டுமே போடலாம். வாங்கிய பழத்தில் ஆக்கியதற்குப் பெரும்பாலும் 'மெசான்' என்று போடுவார்கள். பல குடும்பங்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. இரண்டு லேபிளிலும் அதே சின்னம், அதே எழுத்து, அதே நிறம். மாறுவது ஒரே ஒரு சொல். உங்கள் விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது இடம் போதவில்லை என்று நீங்கள் வெட்டுவது அந்தச் சொல்லைத்தான். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். உணவகத்தில் 140 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

ஷாம்பெயின் போத்தலைக் கையில் எடுத்து முன் லேபிளின் அடி ஓரத்தையும் பின் லேபிளையும் வெளிச்சத்தில் பாருங்கள். எறும்பு அளவு எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதற்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஆர்எம்' என்றால் தன் பழத்தில் தானே ஆக்கும் விவசாயி. வெளியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் அவர் வாங்க முடியாது. 'என்எம்' என்றால் பழம் வாங்கி ஆக்கும் நிறுவனம். லூயி ரோடரெர், போல் ரோஜே போன்ற பெயர் பெற்ற குடும்பங்களும் 'என்எம்' தான், அதனால் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது 'எம்ஏ'. அது வாங்குபவர் தனக்காக உருவாக்கிக்கொண்ட வணிகப் பெயர். அப்படி ஒரு குடும்பமே இல்லாமல் இருக்கலாம். அதை "சிறு குடும்பத் தயாரிப்பு" என்று விற்பனையாளரைச் சொல்ல வைப்பது, அந்தப் பையனை உங்களுக்காகப் பொய் சொல்ல வைப்பது.

ஏடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஏடே காவல். 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் ஏலம். பர்கண்டியின் போன்சோ குடும்பப் பெயரில், குளோ சாந் தெனி தோட்டத்து 1945 முதல் 1971 வரையிலான போத்தல்கள் பட்டியலில் இருந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்தில் ஒயின் ஆக்கத் தொடங்கியதே 1980களில்தான். லாரன் போன்சோ நியூயார்க்குக்கே போய் ஏல அறையில் உட்கார்ந்தார். போத்தல்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியவான் மீது 2013இல் போலி ஒயின் விற்ற குற்றம் உறுதியாகி, 2014இல் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. தன் பெயரில் விற்பனையாகும் பொருளைத் தானே போய் நிறுத்தினார் போன்சோ. குடும்பப் பெயரின் பொறுப்பு என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது அவர் செய்த காரியம்தான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அங்கே லேபிளில் ஒரு திராட்சை வகையோ ஊரோ ஆண்டோ போட வேண்டுமானால் குறைந்தது 85 விழுக்காடு அதுவாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் ஏடுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நேரில் போகும்போது பாதாள அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ருசி பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அலமாரியிலிருந்து ஏதாவது ஒரு போத்தலை எடுங்கள். அதன் தொகுப்பு எண்ணிலிருந்து (ஒரே தடவையில் அடைத்த போத்தல்களுக்குப் பொதுவான எண்) எந்த நாள் அடைத்தது, அதிலிருந்து எந்தத் தொட்டி, அந்தத் தொட்டிக்குள் எந்தெந்த லாரிப் பழம், அந்த லாரியின் எடைச் சீட்டு எங்கே என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். ஒழுங்காக நடக்கும் ஆலையில் ஒரு பிற்பகலில் எடைச் சீட்டு வரை போய்விடலாம். "அது அண்ணனுக்குத்தான் தெரியும், அவர் ஊரில் இல்லை" என்ற பதில் இரண்டு இடத்தில் வந்தால், அங்கே கணக்கு ஏட்டில் இல்லை, ஒருவர் தலைக்குள் இருக்கிறது.

மாதிரிப் போத்தலில் நடக்கும் தவறு வெளியே அதிகம் பேசப்படாதது. உங்களுக்கு ருசி பார்க்க வரும் 6 போத்தல், சில சமயம் மிக நல்ல பீப்பாயிலிருந்து தனியாக எடுத்து அடைத்ததாக இருக்கும். ஆணை கொடுத்த பிறகு வருவது பெரிய தொட்டியில் கலந்த ஒயின். இரண்டிலும் ஒரே லேபிள், ஒரே ஆண்டு. வேண்டுமென்றே செய்பவரும் உண்டு. பல முறை அடைப்பதில் இயல்பாக வரும் வேறுபாட்டைச் சொல்லாமல் விடுபவரும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். மாதிரி வந்ததும் தொகுப்பு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 'எல்' என்ற எழுத்தில் தொடங்கிக் கண்ணாடியிலோ லேபிளிலோ அச்சாகியிருக்கும். இரண்டு போத்தலைத் திறக்காமல், தேதியும் கையெழுத்தும் போட்டு, 13 டிகிரியில் ஒதுக்கி வையுங்கள். ஒப்பந்தத்தில் "இந்தத் தொகுப்பு எண்ணுக்குரிய ஒயின், அல்லது அனுப்பும் முன் புதிய தொகுப்பின் மாதிரி" என்று ஒரு வரி சேருங்கள். சரக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மறைத்துக்கொண்டு மூன்று பேர் ருசி பாருங்கள். அந்த மூவரில் ஒருவராவது உங்கள் குடும்பத்தைச் சேராதவராக இருக்கட்டும்.

இனி வெயில். எங்களில் கிடங்குக்காரர்கள் நாள்தோறும் பார்ப்பது இதைத்தான், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம். 2023 கடைசியிலிருந்து ஐரோப்பியக் கப்பல்கள் பல செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருகின்றன. பயணம் 10 நாளுக்கு மேல் நீள்கிறது. சரக்கு பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்கிறது. சாதாரணக் கொள்கலனின் கூரைக்குக் கீழே சூடு 50 டிகிரியைத் தொடலாம். 13 டிகிரியில் அடைபட்ட 750 மில்லி ஒயின் 40 டிகிரிக்குப் போனால் 6 மில்லி அளவுக்கு விரியும். தக்கைக்கு அடியில் அதற்கு இடம் போதாது. உள்ளே இருக்கும் வாயு நசுங்கித் தக்கையை மேலே தள்ளும். பிறகு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும்.

கொள்கலன் கதவு திறந்ததும் கதவோரத் தட்டின் (பெட்டிகளை அடுக்கியிருக்கும் பலகை) மேல் வரிசைப் பெட்டியைப் பிரித்து ஒரு போத்தலின் கழுத்து உறையைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். நல்ல போத்தலில் பெரும்பாலும் அது சுழலும். கசிந்த போத்தலில் ஒயின் காய்ந்து பிசின்போல் உறையைக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், அசையாது. உறையை வெட்டினால் தக்கை கண்ணாடி விளிம்பைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் மேலே நிற்கும். அதன் பக்கவாட்டில் ஊதா நிறக் கோடு ஒன்று மேல்வரை ஏறியிருக்கும். சிவப்பு ஒயினில் வேகவைத்த பிளம் மணம் வரும், வெள்ளை ஒயினில் பழ மணமே போயிருக்கும். திருகு மூடி போட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் போத்தலில் இந்த அடையாளம் ஒன்றும் தெரியாது. அடுப்பில் வைத்ததுபோல் வெந்திருந்தாலும் வெளியே புத்தம் புதிதாக இருக்கும். அங்கே சாட்சி சொல்லக்கூடியது வெப்பப் பதிவுக் கருவி மட்டுமே.

ஆகவே 13 டிகிரியில் வைத்த குளிர்சாதனக் கொள்கலனில் வரட்டும். இரண்டு பதிவுக் கருவி போடுங்கள்: கதவோரத் தட்டின் மேல் பெட்டியில் ஒன்று, நடுவில் ஒன்று. ஆலை வாசலில் ஏற்றும்போதே அவற்றை இயக்க வேண்டும். குளிர்சாதனக் கொள்கலனில் கெடுதல் பெரும்பாலும் கடலில் நடப்பதில்லை. ஆலையிலிருந்து துறைமுகம் போகும் லாரியில் நடக்கும். துறைமுகத்தில் மின்சாரம் இணைக்காமல் காத்திருக்கும்போது நடக்கும். இங்கே வந்தபின் வெள்ளிக்கிழமை மாலை இறக்க ஆளில்லாமல் திங்கள் வரை வெளியே நிற்கும்போது நடக்கும். ஆலைக்காரர் "எங்கள் வாசலோடு எங்கள் பொறுப்பு முடிந்தது" என்பார். வாணிப ஒப்பந்தப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் தன் பெயர் தாங்கிய ஒயின் வெந்துபோய் விற்பதைப் பற்றிக் கவலைப்படாத குடும்பத்தோடு நீண்டகால உறவு வைப்பதற்கு முன் யோசியுங்கள். நீங்களும் யோசியுங்கள்: வெந்தது தெரிந்தும் அந்தச் சரக்கைத் திருமண விருந்துக்குச் சலுகை விலையில் தள்ளிவிடுவது உண்டா இல்லையா? அழிக்க வேண்டியதை அழியுங்கள், பதிவுத் தாளோடு காப்பீட்டைக் கேளுங்கள்.

தீர்வைக் கணக்கில் நடக்கும் தவற்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை விலையின் மேல் வருவதில்லை, உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் மேல் வருகிறது: சுத்த ஆல்கஹால் 1 லிட்டருக்கு 88 வெள்ளி, 2014 முதல். 13.5 விழுக்காடு கொண்ட 750 மில்லி போத்தலுக்கு 8 வெள்ளி 91 காசு. சரக்கு விலை, கப்பல் கூலி, காப்பீடு, இந்தத் தீர்வை எல்லாம் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஆஸ்திரேலியச் சட்டம் லேபிளில் போடும் ஆல்கஹால் அளவில் 1.5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் 0.5 தான். ஆய்வகம் தரும் ஆய்வுத்தாள் 14.9 என்று சொல்லும் ஒயினுக்கு, இங்கே தீர்வை குறையட்டும் என்று 14.0 என லேபிள் அடிக்கச் சொல்லி ஆலைக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். போத்தலுக்கு 59.4 காசு மிச்சம். 12,000 போத்தலுக்கு 7,128 வெள்ளி. கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அனுமதிப் பத்திரத்தில் வேறு எண்ணை எழுதுவது சுங்கத்துறையிடம் பொய் சொல்வது. எழுதுவது நீங்கள் அல்ல, பத்திரம் நிரப்பும் உங்கள் ஊழியர். கேள்வி வரும்போது முதலில் நிற்பதும் அவர்தான். ஆய்வுத்தாளை ஒவ்வொரு தொகுப்புக்கும் வாங்கி, அதில் உள்ள எண்ணையே எழுத விடுங்கள்.

இதே குடும்பங்களில் மைத்துனர் பெயரில் மூன்றாவது நாட்டில் ஒரு நிறுவனம் இருக்கும். அதன் வழியாக விலைச்சீட்டு வரும். அப்படி வைத்திருப்பதே தவறில்லை. ஆனால் விலைச்சீட்டில் உள்ள விலை ஆலையின் உண்மை விலையா, பொருள், சேவை வரியைக் குறைக்கப் போட்ட விலையா என்பதை உங்கள் கணக்காளர் கேட்டால் பதில் சொல்லுங்கள். "குடும்ப விஷயம்" என்று அவர் வாயை மூடாதீர்கள்.

பழம் பறிப்பவர்களைப் பற்றி. 2023 அறுவடையில் ஷாம்பெயின் வட்டாரத்தில் 50க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர்கள், இடிந்த வீட்டில் அடைத்து வைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் அங்குள்ள நீதிமன்றம் மூன்று பேரை மனிதக் கடத்தல் குற்றத்துக்குத் தண்டித்தது. அதே 2023இல் பிரேசிலின் பென்டோ கொன்சால்வெஸ் ஊரில் 200க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள்; மூன்று ஒயின் ஆலைகள் 70 லட்சம் பிரேசில் ரெயால் கட்ட ஒப்புக்கொண்டன. இரண்டு இடத்திலும் ஆள் கூட்டி வந்தது இடைத்தரகு ஒப்பந்தக்காரர். "எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலுக்கு இடம் கொடுப்பதே இந்த ஏற்பாடுதான். கட்டுமானத் தொழிலில் துணைக் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்தவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர். அது எப்படி நடக்கும் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு என்று சட்டம் இருக்கிறது. அதே இரண்டையும் ஆலைக்காரரிடம் கேளுங்கள்: பறிப்பவருக்குச் சம்பளச் சீட்டு யார் தருகிறார்கள், கூலி மணிக்கா எடைக்கா, தங்குமிடம் எது. அறுவடை நேரத்தில் போனால் தோட்டத்தைப் பார்த்தபின் அந்தத் தங்குமிடத்தையும் பாருங்கள்.

ஆலையில் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு நொதிக்கும்போது, 1 லிட்டரிலிருந்து சுமார் 50 லிட்டர் கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனம்; தொட்டியின் அடியிலும் அறையின் தரையிலும் தேங்கும். தோலை அள்ளத் தொட்டிக்குள் இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்கக் குதித்தவரும் விழுவார். குடும்ப ஆலையில் அப்படிக் குதிப்பவர் அண்ணனாகவோ மகனாகவோ இருப்பார். சிங்கப்பூரில் மூடிய இடத்துக்குள் இறங்க வாயு அளந்து அனுமதிச் சீட்டு எழுத வேண்டும். உங்கள் பணம் போயிருக்கும் ஆலையில் வாயு அளக்கும் கருவியும் அந்தச் சீட்டும் வெளியே ஒரு காவல் ஆளும் இருக்கின்றனவா? இல்லையென்றால் இந்த ஆண்டு லாபப் பங்கை எடுக்கும் முன் அதை வாங்கிக் கொடுங்கள்.

லிட்டில் இந்தியாவான தேக்காவிலும் மற்ற இடங்களிலும் உணவகத்தில் பரிமாறுபவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி, "இது சைவமா?" என்பது. "திராட்சைதானே" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, விலங்கு எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் இவற்றில் ஏதாவது ஒன்றைப் போடும் ஆலைகள் உண்டு. பெந்தோனைட் என்ற களிமண்ணைப் போடும் ஆலைகளும் உண்டு, ஒன்றும் போடாமல் தானே தெளிய விடுபவர்களும் உண்டு. ஐரோப்பாவில் 2023 டிசம்பர் 8க்குப் பிறகு ஆக்கிய ஒயினுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம், பல போத்தலில் அது கட்டக் (கியூஆர்) குறியீட்டுக்குள் இருக்கும். ஆனால் தெளியவைக்கும் பொருள் சேர்மானமாகக் கருதப்படுவதில்லை. முட்டை, பால் மிச்சம் இருந்தால் ஒவ்வாமைக்காகச் சொல்வார்கள். ஜெலட்டினும் மீன் பசையும் லேபிளில் வராமலே போகலாம். ஆகவே லேபிளைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆண்டு ஒயினுக்கும் தெளியவைத்தது எதனால் என்று ஆலையிடம் எழுத்தில் வாங்கி, உணவகத்துக்கு அனுப்புங்கள். விரதம் இருந்து வந்து கேட்பவரிடம் தெரியாமல் தலையாட்டும் பாவம் பரிமாறும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

'சல்ஃபைட் இல்லாதது' என்ற விளம்பரமும் இப்படித்தான். சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள்; நொதிக்கும்போது ஈஸ்டே அதைக் கொஞ்சம் உண்டாக்கும். 'சேர்க்கவில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் இங்கே லேபிளில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாகக் கணக்கறை. செட்டித் தெரு என்று நம்மவர்கள் சொன்ன மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் நடந்ததும் குடும்பத் தொழில்தான். முதலாளி ஊரில் இருப்பார், கடையை நடத்த இங்கே ஒரு மேலாள். மேலாளுக்குச் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் உண்டு, வழக்கமாக 3 ஆண்டுத் தவணை உண்டு. தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். சொந்தபந்தம் என்பதற்காகப் பேரேட்டைத் திறக்காமல் விடவில்லை. இன்று உங்கள் ஆலைக்கோ இறக்குமதிக் கடைக்கோ அதே ஒழுங்கைத்தான் கேட்கிறோம். சித்தப்பா தோட்டத்துப் பழத்துக்கு என்ன விலை, அடுத்த வீட்டு விவசாயிக்கு என்ன விலை என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். விலையை அறுவடைக்கு முன் சொல்லுங்கள். பழம் பறித்த பிறகு விவசாயிக்குப் பேரம் பேச வழியில்லை, இரண்டு நாளில் கெட்டுவிடும். குடும்பத்துக்கு லாபம் பிரிக்கும் முன் விவசாயி பாக்கி தீரட்டும். ஆஸ்திரேலிய ஆலை என்றால், 2008 முதல் இருக்கும் திராட்சைக் கொள்முதல் நடத்தை விதியில் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கொள்முதல், தொட்டி ஏடு, விற்பனை மூன்றில் ஒன்றையாவது குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் கையெழுத்தில் வையுங்கள்.

உங்கள் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. சிறு ஆலை செப்டம்பரில் பறித்த பழத்தின் பணத்தைப் பார்க்க ஒன்றரை ஆண்டு ஆகலாம். 60 நாளில் தருவதாகச் சொல்லி 150 நாள் இழுத்தடித்தால் அங்கே கூலி நிற்கும். அதுபோல, 8 ஆண்டு நீங்கள் வளர்த்த சந்தையை ஒரே மின்னஞ்சலில் ஆலை வேறொருவருக்குக் கொடுப்பதும் நியாயமில்லை. இரண்டு தரப்புக்கும் 12 மாத முன்னறிவிப்பு, மிச்சச் சரக்கை யார் என்ன விலைக்கு எடுப்பது என்பதெல்லாம் கைகுலுக்கலில் நிற்காமல் தாளில் இருக்க வேண்டும்.

பூமியின் வட பாதியில் அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் தொடங்குகிறது. அதற்கு முன் போகும் உங்கள் ஆணைக் கடிதத்தோடு அறுவடை அறிவிப்பின் நகல், தொகுப்பு வாரியான ஆய்வுத்தாள், தெளியவைத்த பொருள் பற்றிய குறிப்பு, பறிப்பவரின் சம்பளச் சீட்டு மாதிரி ஆகிய நான்கையும் கேளுங்கள். கொள்கலன் வந்ததும் பதிவுக் கருவியைப் படித்து, தொகுப்பு எண்ணை மாதிரிப் போத்தலோடு ஒத்துப் பார்த்து, கையெழுத்திட்டு அதே கோப்பில் சேர்க்கும் வேலையை நாங்கள் செய்கிறோம். சரியில்லை என்று நாங்கள் எழுதித் தரும் நாளில் அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சிங்கப்பூர் ஒயின் தொழிலில் பணிபுரியும் தமிழர்கள் சிலர்